பட்டம் கிடைக்காத விஞ்ஞானி – அன்னா மணி



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டதும், அப்துல் கலாம் அவர்களைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரைப் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் மூன்று வருஷமாய் மல்லுக்கட்டுகிற மீட்டர், சென்சார், காலிபரேஷன் இவற்றுக்காகவே ஒரு வாழ்க்கை முழுவதையும் செலவழித்த ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் நம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் இரண்டாம் வருஷம் வரைக்கும் தெரியாது. அதனால் இந்த மலரில் அவர்.

முதலில் நம்ம ஊர் விஷயம் ஒன்று. மழைக்காலத்தில் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், கள்ளக்குறிச்சி இத்தனை மில்லிமீட்டர், சங்கராபுரம் இத்தனை, சின்னசேலம் இத்தனை என்று ஒரு பட்டியல் இருக்கும். கல்வராயன் மலையில் எவ்வளவு பெய்தது என்று பார்த்துவிட்டுத்தான் கோமுகி அணைக்குத் தண்ணீர் வருமா, நடவு போடலாமா என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். அந்த மில்லிமீட்டர் எங்கேயிருந்து வருகிறது? ஒரு சாதாரண உருளைப் பாத்திரத்திலிருந்து. வாய் 200 சதுர சென்டிமீட்டர் இருந்தால், உள்ளே 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. அவ்வளவுதான் தியரி! ஆனால் அந்த வாய் கொஞ்சம் நெளிந்திருந்தாலோ, ஒரு ஊரில் ஒரு அளவு, இன்னொரு ஊரில் வேறு அளவு என்று செய்திருந்தாலோ, எந்த ஊர் மழையையும் எந்த ஊர் மழையோடும் ஒப்பிட முடியாது. நாடு முழுக்க ஒரே வரைபடத்தில், ஒரே அளவில், நம் ஊர் ஒர்க்ஷாப்பிலேயே இந்த மாதிரிக் கருவிகளைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து செய்து முடித்தவர்களில் முக்கியமானவர் அன்னா மணி.

கம்பம், குமுளி தாண்டி மலை ஏறினால் பீர்மேடு. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி பிறந்தார் அன்னா. எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா சிவில் இன்ஜினியர். பெரிய ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லை. எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்.

அந்த வீட்டில் ஆண் பிள்ளைகளுக்குப் படிப்பும் உத்தியோகமும், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்பதுதான் நடைமுறை. அக்காமார்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. எட்டாவது பிறந்த நாளுக்குப் பெண் பிள்ளைகளுக்கு வைரத்தோடு போடுவது வழக்கம். அன்னாவுக்கும் தோடு வந்தது. பிள்ளை வேண்டாம் என்றுவிட்டது! அதற்குப் பதில் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டது. அதற்குள்ளேயே ஊர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்கள் எல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டன. பன்னிரண்டு வயதில் ஆங்கிலப் புத்தகங்களும் முடிந்தன. (நம்ம லைப்ரரி கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்க நண்பர்களே, சிரிப்பு வரும்.)

நம்ம பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டம் நடந்தது அப்போதுதான். 1925இல் காந்தியடிகள் வைக்கத்துக்கு வந்தார். அந்தக் காற்று பட்டது, ஏழு வயதுப் பிள்ளை கதர் கட்ட ஆரம்பித்தது. பிறகு கடைசி வரைக்கும் கதர்தான்.

மருத்துவம் படிக்க ஆசை இருந்தது, நடக்கவில்லை. இயற்பியல் நன்றாக வந்ததால் இயற்பியல். சென்னை மாநிலக் கல்லூரியில் ஹானர்ஸ் பட்டம் 1939இல் முடித்தார். மெரினாவுக்கு எதிரே இருக்கிற அதே சிவப்புக் கட்டடம்தான். மறு ஆண்டு, 1940இல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சேர்ந்த இடம் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடம்.

நோபல் பரிசு பெற்ற தமிழர் என்று நாம் பெருமையாகச் சொல்கிற ராமன், பெண்களை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வதில் தாராளமானவர் அல்ல. 1933இல் கமலா சொஹோனி என்ற பெண் விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்துக்காகவே முதலில் மறுத்தார். பிறகு ஒரு வருஷம் சோதித்துப் பார்த்துத்தான் முறையாக ஏற்றுக்கொண்டார். அன்னா சேர்ந்த காலத்திலும் ராமனின் மாணவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண் மாணவர்களோடு நின்று பேசுவது, விவாதிப்பது எல்லாம் கிடையாது. ஆராய்ச்சியில் பாதிப் படிப்பு டீ குடிக்கும்போது நடக்கிற பேச்சில்தான் வரும் என்று நம்ம சார் ஒருவர் சொல்வார். அந்தப் பாதி அவர்களுக்கு இல்லை. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவது வழக்கம். விட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ராமன் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வைரம்! தோடு வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் கையில் இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். ராமனிடம் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த ஏறக்குறைய 300 வைரங்கள் இருந்தன. வைரத்தின் மேல் ஒளியைச் செலுத்தினால் அது எந்த நிற ஒளியை விழுங்குகிறது, எதைத் திருப்பி உமிழ்கிறது என்று நிறமாலை எடுக்க வேண்டும். இன்றைக்கு இந்த வேலைக்கு எலெக்ட்ரானிக் டிடெக்டர் இருக்கிறது, கம்ப்யூட்டரில் கிராஃப் வந்துவிடும். அன்றைக்கு போட்டோ பிளேட்தான் சென்சார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, வருகிற மங்கலான ஒளியை 15 மணி நேரம், 20 மணி நேரம் பிளேட்டில் விழ விட வேண்டும். நடுவில் ஏதாவது அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. அன்னா பல ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

1942 முதல் 1945 வரை ஒளிர்வு பற்றி ஐந்து ஆய்வுக்கட்டுரைகள். ஐந்திலும் அவர் பெயர் மட்டும்தான். 1945 ஆகஸ்டில் எல்லாவற்றையும் தொகுத்து டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

அப்போது இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அது 1958இல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அன்னாவின் ஆய்வேடு போனது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு. பல்கலைக்கழகம் என்ன சொன்னது? உங்களிடம் எம்.எஸ்சி. இல்லை, அதனால் பிஎச்.டி. இல்லை. முடிந்தது கதை! ஹானர்ஸ் பட்டம் கணக்கில் வரவில்லை. ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆராய்ச்சிக்குச் சேர்த்தது கணக்கில் வரவில்லை. ஐந்து கட்டுரைகளும் அத்தனை ராத்திரிகளும் கணக்கில் வரவில்லை. ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதுதான் கணக்கில் வந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போது நம்மில் யாருக்கும் ஒரு மாதிரி இருக்காமல் போகாது. டிப்ளமோ என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். பி.இ. முடிச்சிருந்தா சொல்லுங்க தம்பி என்று ஃபைலை மூடி வைப்பதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அன்னா மணி கதையை நம்ம கதையாக நினைத்துக் கண்ணீர் விடவும் வேண்டாம். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, பிரிட்டானிக்கா வாங்கித் தர அப்பா இருந்தார், மாநிலக் கல்லூரி ஹானர்ஸ் என்பது அந்தக் காலத்தில் சாமானியமில்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த ஃபாரம் வரைக்குமே போக வழி இருந்திருக்காது. நாம் கவனிக்க வேண்டியது, பட்டம் இல்லை என்று சொன்ன பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான்.

அதே 1945இல் இங்கிலாந்தில் பயிற்சி பெற இந்திய அரசின் ஸ்காலர்ஷிப் அவருக்குக் கிடைத்திருந்தது. யுத்தம் அப்போதுதான் முடிந்த நேரம். சிப்பாய்களை ஏற்றிப்போகும் கப்பலில் லண்டனுக்குப் போனார். போனது இயற்பியல் படிக்கும் எண்ணத்தோடு. அங்கே போனால், காலியாக இருந்தது ஒரே ஒரு பயிற்சிதான்: வானிலைக் கருவிகள். அதாவது தெர்மோமீட்டர், பாரோமீட்டர், காற்றுவேகமானி. வைரத்தின் அணு அமைப்பை ஆராய்ந்தவருக்குத் தெர்மோமீட்டரைச் சரிபார்க்கிற வேலை! கேட்ட கோர்ஸ் கிடைக்காமல் கிடைத்த கோர்ஸில் சேர்ந்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரியும். அவர் சேர்ந்துவிட்டார். கருவி எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் சரிபார்க்கிறார்கள், ஒன்றை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று மூன்று வருஷம் கற்றார்.

1948இல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தலைவர் எஸ்.பி. வெங்கிடேஸ்வரன். சுதந்திரத்துக்கு முன்னால் சாதாரணத் தெர்மோமீட்டர்கூட வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய நிலைமை. இதை மாற்ற வேண்டும் என்று வெங்கிடேஸ்வரன் ஒரு ஒர்க்ஷாப் நடத்திக்கொண்டிருந்தார். மழைமானி, ஆவியாதலை அளக்கும் கருவி, காற்றுத்திசைகாட்டி, காற்றுவேகமானி, வெப்பநிலையைத் தானே வரைந்துகொள்ளும் தெர்மோகிராஃப் என்று ஒவ்வொன்றாக அங்கே செய்யத் தொடங்கினார்கள்.

தெர்மோகிராஃப் நாம் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய கருவி. உள்ளே இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு தகடு. சூடானால் ஒன்று அதிகமாக விரியும், ஒன்று குறைவாக விரியும், தகடு வளையும். அந்த வளைவு ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் முனையில் மைப்பேனா. எதிரே கடிகாரச் சாவியால் மெதுவாகச் சுற்றுகிற உருளையில் கிராஃப் காகிதம். கரண்டே தேவையில்லை! ஆனால் தகட்டின் கனம், நெம்புகோலின் நீளம், பேனா காகிதத்தில் உரசுகிற உரசல், உருளை சுற்றும் வேகம், இதில் எது தப்பினாலும் கிராஃப் அழகாக வரும், ஆனால் பொய்யாக வரும். சென்சார் தொழிலின் ஆபத்தே இதுதான். கெட்டுப்போன ஃபேன் சுத்தாது, எல்லோருக்கும் தெரிந்துவிடும். கெட்டுப்போன கருவி எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

1953 வாக்கில் அன்னா மணி அந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அவருக்குக் கீழே 121 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஆண் மாணவரோடு நின்று பேசக்கூடாது என்ற ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே அவர் செய்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிராயிங். ஏறக்குறைய 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அந்த வரைபடப்படியே உற்பத்தி நடக்கச் செய்தார். மெஷின் டிராயிங் பீரியட் வந்தால் தலைவலி என்று வெளியே போகிறவர்கள் (நான் உட்பட) இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கைதேர்ந்த ஒரு மெக்கானிக் தன் கைப்பழக்கத்தால் ஒரு நல்ல கருவி செய்துவிடுவார். அவர் ரிட்டயர் ஆனால் அந்தக் கருவியும் போச்சு. அளவு, டாலரன்ஸ், எந்த உலோகம், எந்தத் திருகு என்று காகிதத்தில் ஏறிவிட்டால் யார் செய்தாலும் அதே கருவி வரும். புனேயில் செய்ததும் வேறெங்கோ செய்ததும் ஒரே எண்ணைக் காட்டும்.

அடுத்தது சூரியன். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று உலக நாடுகள் பல சேர்ந்து பூமியையும் வானத்தையும் அளந்தன. அதற்காக இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வரிசை ஒன்றை அன்னா மணி அமைத்தார். ஆரம்பத்தில் கருவிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன, விலையோ தலையைச் சுற்றும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார். பைரனோமீட்டர் என்ற அந்தக் கருவியில் இருப்பது நமக்குத் தெரிந்த தெர்மோகப்பிள்தான். கருப்புப் பூசிய ஒரு பரப்பு வெயிலில் சூடாகும். அதற்கு அடியில் பல தெர்மோகப்பிள்களைத் தொடராக இணைத்து தெர்மோபைல் ஆக்கி வைத்திருப்பார்கள். சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தால் சில மில்லிவோல்ட் வரும். மேலே கண்ணாடிக் குமிழ். இல்லாவிட்டால் காற்று வந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். லேப்பில் நாம் செய்கிற எக்ஸ்பெரிமெண்ட்டுக்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், அந்த மில்லிவோல்ட் எத்தனை வாட் வெயிலுக்குச் சமம் என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு மூலக் கருவி வேண்டும். ஸ்வீடன்காரர் ஆங்ஸ்ட்ரம் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. இரண்டு மெல்லிய கருப்புப் பட்டைகள். ஒன்றின் மேல் வெயில் படும், இன்னொன்று நிழலில். நிழலில் இருக்கும் பட்டைக்குள் கரண்ட் விட்டு, வெயில் பட்ட பட்டையின் சூட்டுக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். இரண்டும் சமம் என்று கால்வனோமீட்டர் முள் காட்டும்போது, கரண்ட்டால் வந்த சூடும் வெயிலால் வந்த சூடும் ஒன்று. கரண்ட்டை நாம் துல்லியமாக அளக்கலாம், ஆக வெயிலை அளந்தாயிற்று! வீட்ஸ்டோன் பிரிட்ஜில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறோமே, அதே வித்தைதான். இப்படி ஒரு மூலக் கருவியோடு ஒப்பிட்ட பிறகுதான் மற்றக் கருவிகள் நிலையங்களுக்குப் போகலாம். தப்பான அளவீட்டைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பது அன்னா மணியின் உறுதியான கொள்கை. இதில் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை.

இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. டிரான்ஸ்டியூசர் லேப்பில் ரீடிங் சரியாக வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? சீனியர் அண்ணன் ரெக்கார்டு நோட்டைத் தேடுவோம். அதில் இருக்கும் எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவோம். கிராஃப் நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் வரும், கையெழுத்தும் கிடைத்துவிடும். நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் பேட்ச் நாலு பேர் ரீடிங்கும் ஒரே மாதிரி இருந்தது, அன்றைக்கு அந்த மீட்டரின் லீட் ஒயரே அறுந்திருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது!

1960இல் அன்னா மணி ஓசோனை அளக்கும் வேலையைத் தொடங்கினார். ஓசோன் ஓட்டை என்று பேப்பர்களில் வர ஆரம்பித்தது 1985இல், அண்டார்க்டிகாவில் ஆங்கிலேய விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்த பிறகு. அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னால் இதற்காகக் கருவி செய்ய உட்கார்ந்தால் இது எதற்கு என்றுதான் பலரும் கேட்டிருப்பார்கள். நம்ம கொடைக்கானலில் 1957 முதலே தரையிலிருந்து ஓசோனை அளந்துவந்தார்கள். ஆனால் எந்த உயரத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கருவியே மேலே போக வேண்டும்.

அதற்குத்தான் ஓசோன்சோண்ட். பலூனில் கட்டி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல், ஒரு குட்டிப் பம்ப். பம்ப் வெளிக்காற்றை இழுத்துக் கரைசலில் குமிழியாக விடும். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடின் வெளிவரும், மின்முனையில் ஒரு சிறு கரண்ட் ஓடும். ஒரு ஓசோன் மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான். கரண்ட் மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். மேலே போகப் போகக் கடும் குளிர், காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. பம்ப் நிற்கக்கூடாது, கரைசல் உறையக்கூடாது, ரேடியோ சிக்னல் கீழே வந்து சேர வேண்டும். பலூன் வெடித்துக் கருவி எங்கேயோ காட்டில் விழுந்துவிடும் என்பதால் விலையும் மலிவாக இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் டிசைன். 1960களில் அன்னா மணியின் குழு இந்தியாவிலேயே இதைச் செய்து பறக்கவிட்டது. பிற்பாடு அண்டார்க்டிகாவில் நம் நாட்டு ஆய்வு நிலையத்திலிருந்தும் இந்திய ஓசோன்சோண்டுகள் பறந்தன. சர்வதேச ஓசோன் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

நடுவில் 1963இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால் தும்பாவில் வானிலை நிலையமும் கருவிகள் பொருத்திய கோபுரமும் அமைத்துக்கொடுத்தார். தும்பா என்றால் நமக்கு ராக்கெட் மட்டும்தான் ஞாபகம் வரும். அந்தக் கால ராக்கெட்டுகளுக்கு வழிகாட்டும் கருவி எதுவும் உள்ளே கிடையாது. கிளம்பும் நேரத்தில் கீழ்க்காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ஏவுதளத்தைச் சாய்த்து வைத்து விட வேண்டும். காற்றை அளக்கத் தெரியாமல் ராக்கெட் விட முடியாது. அந்த 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது.

1969இல் டெல்லிக்கு மாற்றம், துணைத் தலைமை இயக்குநர் பதவி. 1975இல் உலக வானிலை அமைப்பின் ஆலோசகராக எகிப்து. 1976இல் ரிட்டயர். இதெல்லாம் சர்வீஸ் ரெஜிஸ்டர் விஷயம், வேகமாகத் தாண்டிவிடலாம்.

ரிட்டயர் ஆனவர் எங்கே போனார் என்றால், மறுபடி பெங்களூருக்கு. ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் மூன்று வருஷம் வருகைதரு பேராசிரியர். இத்தனை வருஷம் நிலையங்களில் சேர்ந்த சூரியக் கதிர்வீச்சு அளவுகளை எல்லாம் தொகுத்து 1980இலும் 1981இலும் இரண்டு பெரிய நூல்களாக வெளியிட்டார். சோலார் பேனல் போடுகிறவர்களுக்கு எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு வெயில் என்று தெரிய வேண்டுமே, அதற்கான அடிப்படைப் புத்தகங்கள் அவை. வெறும் அட்டவணைகள்தான். படிக்க சுவாரஸ்யம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் சரிபார்த்த கருவி ஒன்று உண்டு.

அதற்குப் பிறகு காற்று. காற்றாலை போட எந்த இடம் நல்லது என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய் என்று தமிழ்நாட்டில் கடைத்தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே ஆடிக்காற்று அம்மியை நகர்த்தும் என்பது பழைய சங்கதி. ஆனால் அம்மி நகர்ந்தது என்று பாங்க்கில் கடன் கேட்க முடியுமா? வருஷம் முழுக்க மணிக்கு மணி காற்று வேகம் வேண்டும்.

ஏன் என்றால், காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்றபடி கூடும். வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால் 125. 6 மீட்டர் என்றால் 216. ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம், சக்தி முக்கால் பங்கு கூடிவிட்டது! இதையே திருப்பிப் பாருங்கள். காற்றுவேகமானி பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டினால், கணக்கில் சக்தி 33 சதவீதம் கூடுதலாக வரும். அதை நம்பிக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் காற்றாலை நட்டவர் கதி? மறுபக்கம், கிண்ணங்கள் சுற்றும் பேரிங்கில் தூசி சேர்ந்து வேகம் குறைந்தால், நல்ல இடத்தையே உதவாது என்று ஒதுக்கிவிடுவோம். ஒரு பேரிங்குக்குப் போடுகிற இரண்டு சொட்டு எண்ணெயில் ஒரு ஊரின் கரண்ட் இருக்கிறது.

அன்னா மணியின் பொறுப்பில் நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று அளவுகள் திரட்டப்பட்டன. அறுபதைத் தாண்டிய வயதில், வேலையை விட்ட பிறகு, இந்த வேலை. 1983இல் காற்றுச்சக்தி பற்றிய முதல் தொகுப்பு வெளிவந்தது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் சிலவற்றை 1986இல் நட்டபோது, அவற்றில் ஒன்று நம்ம தூத்துக்குடியில் எழுந்தது. பெங்களூரில் ஒரு சின்னத் தொழிற்கூடமும் நடத்தினார். காற்று வேகத்தையும் சூரியக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகள் அங்கே தயாராயின. ரிட்டயர் ஆன பெரிய அதிகாரி ஒருவர் தொழிற்பேட்டையில் ஒர்க்ஷாப் வைப்பதை நம்ம ஊரில் யார் செய்கிறார்கள்?

சென்சார் துறையில் ஆராய்ச்சி என்றால் ஐ.ஐ.டி., அமெரிக்கா, அப்புறம் கண்ணாடி அறையில் வெள்ளைக் கோட்டு என்று ஒரு படம் நம் மனசில் ஓடுகிறது. அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து, மேலே படித்து அங்கே போகிறவர்களும் உண்டு. ஆனால் கருவியை மூலக் கருவியோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று எழுதி, கையெழுத்துப் போடுகிற அந்த வேலையும் ஆராய்ச்சிதான். நம்ம சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்றுசக்தி நிறுவனம் இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் கயத்தாறில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே காற்றுக் கம்பத்தில் ஏறி காற்றுவேகமானியைக் கழற்றி மாட்டுகிறவர் இல்லாமல் மேலே உட்கார்ந்திருப்பவர் எந்தக் கட்டுரையும் எழுத முடியாது. அன்னா மணி இரண்டு வேலையும் பார்த்தவர்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இயற்கையோடு இருப்பதும், மலையில் நடப்பதும், பறவைகளைப் பார்ப்பதும் பிடிக்கும். 1987இல் கே.ஆர். ராமநாதன் பதக்கம் கிடைத்தது. டாக்டர் பட்டம் கிடைக்காமல் போனதைப் பற்றிக் கேட்டவர்களிடம், அதனால் தன் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வந்துவிடவில்லை என்ற ரீதியில்தான் பேசினார். அதை நான் முழுசாக நம்பவில்லை. வித்தியாசம் வரவில்லை என்றால், வராதபடி அவர் உழைத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1994இல் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் நின்றது. 2001 ஆகஸ்டு 16ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 83 வயது. 2022இல் அவருடைய பிறந்த நாளன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. யார் இந்த அம்மா என்று அன்றைக்குத்தான் நிறைய பேர் தேடிப் பார்த்தார்கள்.

1945இல் சமர்ப்பித்த அந்த ஆய்வேடு ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கிடைத்த ஆய்வேடுகளைப் போலவே அதற்கும் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எது பட்டம் வாங்கியது, எது வாங்காதது என்று சொல்ல முடியாது.